கடல் தாண்டிக் கிடைத்த பக்கத்து ஊர்க்காரி

மூன்று பேர் போவதாகத்தான் பேச்சு. என்னோடு வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களும் நானும் கோடை விடுமுறையில் அந்தமானுக்குப் போய்வருவதென்று தை மாதமே முடிவுசெய்து டிக்கெட் எடுத்துவிட்டோம். சித்திரை பிறந்ததும் ஒருத்தியின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. இன்னொருத்தி, மகனுக்குக் கோச்சிங் வகுப்பு ஆரம்பித்துவிட்டது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் மட்டும் மிச்சம்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போடியில் அம்மாவும் நானும்தான். ராசிங்காபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னையும் மக்காச்சோளமும் உண்டு. அதை அம்மா பார்த்துக்கொள்வாள், நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துவேன். அதுவரை நான் தனியாகப் போன தூரம் மதுரை வரைக்கும்தான், அதுவும் பேப்பர் திருத்தப் போனது.

"கடலுக்குள்ள ஒத்தையாப் போயி ஒனக்கு என்ன சோலி?" என்றாள் அம்மா.

சின்னம்மா அதற்கும் மேலே போனாள். "ஆத்தாடி, சுனாமி கினாமி வந்தா என்ன பண்ணுவ?"

"வந்தா மூணு பேராப் போனாலும் ஒண்ணும் பண்ண முடியாது சின்னம்மா" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போனது. அப்படிச் சொல்லிவிட்ட பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

தேனியில் ஒரு முதுகுப்பை வாங்கினேன். ஊர் சுற்றுகிறவர்கள் பெட்டி தூக்கமாட்டார்கள், முதுகில் மாட்டிக்கொண்டு கை வீசி நடப்பார்கள் என்று படித்திருந்தேன். அம்மா அந்தப் பைக்குள் பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், இரண்டு டப்பா முறுக்கு எல்லாவற்றையும் திணித்தாள். நான் மூன்று சுடிதாரை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போர்ட் பிளேரிலிருந்து அரசாங்கக் கப்பலில் போய் நீல் தீவில் இறங்கினேன். தென்னந்தோப்புக்குள் ஒரு விடுதி. பெண்களுக்கென்று ஒரே அறை, அதில் ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாக ஆறு கட்டில்கள். ஒரு கீழ்க்கட்டிலில் பையைப் போட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"வந்து சேந்துட்டேம்மா. ஆமா, சாப்ட்டேன். பயமெல்லாம் ஒண்ணுமில்ல. சின்னம்மாட்ட சொல்லிரு. தென்னைக்குத் தண்ணி பாய்ச்சியாச்சா?"

போனை வைத்ததும் மேல்கட்டிலிலிருந்து ஒரு தலை தலைகீழாகத் தொங்கியது. சுருட்டை முடி, பெரிய பல்வரிசை, முப்பது வயதுக்குள் இருக்கும்.

"போடியா?"

"எப்படித் தெரியும்?"

"பேச்சக் கேட்டா தெரியாதா? நான் பூப்பாற."

பூப்பாறை என்பது எங்கள் ஊரிலிருந்து போடிமெட்டு ஏறி, கேரள எல்லையைத் தாண்டினால் வருகிற ஊர். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம். ஜீப்பில் ஒன்றேகால் மணி நேரம். நான் பஸ், ரயில், விமானம், கப்பல் என்று மாறி மாறி வந்து பக்கத்து ஊர்க்காரியைக் கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சத்தத்தில், மூலைக் கட்டிலில் படுத்திருந்த இன்னொரு பெண்மணி எழுந்து உட்கார்ந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, வலது முழங்காலில் ஓர் உறை. எங்களை உற்றுப் பார்த்து, சுத்தமான தமிழில், அதிகாரமாகச் சொன்னார்: "டிக்கெட் காட்டுங்க. இது உங்க பெட்டி இல்ல. அடுத்த பெட்டி."

என் கை தானாகப் பையைத் திறந்து டிக்கெட்டைத் தேடியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். நாக்பூர்க்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து முந்தின வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். சென்னைக்கும் டில்லிக்கும் ஓடுகிற வண்டிகளில் தமிழ்ப் பயணிகளோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவருக்குப் பத்துப் பன்னிரண்டு தமிழ் வாக்கியங்கள் வரும். அத்தனையும் டிக்கெட் சம்பந்தப்பட்டவை. மற்றதெல்லாம் இந்திதான். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் பூப்பாறைக்காரி சரளமாகப் பேசினாள். ஏலக்காய்த் தோட்டங்களில் இப்போது வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், அவர்களிடம் கற்றுக்கொண்டாளாம்.

அவள் வேலை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்குகிற ஜீப்பு ஓட்டுவது. பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், அப்பாவை அப்பச்சன் என்பாள். "அப்பச்சனுக்கு முதுகு வலி வந்தப்ப ஸ்டியரிங்கப் பிடிச்சேன் டீச்சரே. பின்னெ விடல."

"இவ்வளவு தூரம் எதுக்கு வந்த?"

"கியர் மாத்தாம போற ஊரு ஒண்ணு பாக்கணும்னு இருந்துச்சு. இங்க மேடே இல்ல, கேட்டோ!"

நாக்பூர்க்காரரை நாங்கள் 'தாயி' என்று கூப்பிட ஆரம்பித்தோம். மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

இரண்டு நாளில் கிளம்ப வேண்டியவள் நான். மூன்றாம் நாள் காலையில் கடல் பொங்கிக்கொண்டு நின்றது. கப்பல் இல்லை என்று ஜெட்டியில் சாக்பீஸால் எழுதிப் போட்டிருந்தார்கள். டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் நூறு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். விமானத்தைத் தவறவிடப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பதில் வேண்டும். உள்ளே இருந்த ஊழியர் பாதி ஜன்னலை மூடிவிட்டார்.

தாயி என் கையில் தன் பையைக் கொடுத்தார். கூட்டத்துக்குள் புகுந்தார். அடுத்த பத்து நிமிடம் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. குழந்தை வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம், நாளைக்கே விமானம் உள்ளவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் பின்னால். மீசை வைத்த பெரிய ஆட்கள்கூட மறுபேச்சில்லாமல் வரிசையில் நின்றார்கள். ஊழியர் ஜன்னலை முழுசாகத் திறந்து, வெளியே ஒரு நாற்காலியைக் கொடுத்தனுப்பி, "மேடம் எந்த ஆபீஸ்?" என்று பணிவாகக் கேட்டார்.

"ரிட்டயர்டு" என்று சொல்லிவிட்டு தாயி உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் மாட்டிக்கொண்டோம். என் வாழ்க்கையில் வேறு எந்த மூன்று நாளும் அவ்வளவு சீக்கிரம் போனதில்லை. மழை விட்டபோது வாடகைச் சைக்கிளில் சுற்றினோம், ஜீப்பு ஓட்டுகிறவள் அதில் தடுமாறினாள். மழையில் விடுதிச் சமையல்காரர் வராத அன்று நாங்களே சோறு வடித்து என் பருப்புப்பொடியைப் பிசைந்தோம். நல்லெண்ணெய் கிடைக்கவில்லை. பூப்பாறைக்காரி தேங்காயெண்ணெயை ஊற்றினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் வைத்தேன், மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகலில் மழை விட்டது. கடல் வற்றும் நேரம் பாறை மேல் நடந்துபோனால் ஒரு பெரிய கல் வளைவு இருக்கிறது, பார்த்துவரலாம் என்று கிளம்பினோம். விடுதிச் சுவரில் கடல் ஏறும் இறங்கும் நேரங்களை அட்டவணையாக ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து, "அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்கு" என்று சொன்னது நான்தான். கணக்கு டீச்சர் சொன்னால் யார் மறுப்பார்கள்? நான் பார்த்தது மறுநாளுக்கான வரிசை என்பது, திரும்பி வரும்போது காலைச் சுற்றித் தண்ணீர் ஏறியபோதுதான் உறைத்தது.

வேகமாக நடக்கப் பார்த்ததில் தாயி பாசியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. ஊன்ற முடியவில்லை. கரைக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. எனக்குக் கையெல்லாம் நடுங்கியது.

"டீச்சரே, நடுங்கறத கரைக்குப் போயி நடுங்கலாம்" என்றாள் பூப்பாறைக்காரி. "கையக் குடுங்க."

இரண்டு பேரும் கையோடு கை கோத்து நாற்காலி போலப் பிடித்தோம். தாயி அதில் உட்கார்ந்து எங்கள் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். அடி அடியாக நகர்ந்தோம். ஓர் அலை இடுப்புவரை நனைத்துப் போனது. அந்த நேரத்தில் தாயி, தனக்குத் தெரிந்த தமிழைத் தேடியெடுத்து, முன்னால் இருந்த வெறும் கடலைப் பார்த்துக் கத்தினார்: "வழி விடுங்க! வழி விடுங்க!"

சிரித்ததில் மூன்று பேரும் விழுந்திருப்போம். எப்படியோ கரை ஏறினோம். மணலில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் கணக்குதான் தப்பு" என்றேன்.

"செரி, ஒரு மார்க்கு கொறச்சாச்சு" என்றாள் பூப்பாறைக்காரி. தாயி என் தலையில் கை வைத்து என்னவோ இந்தியில் சொன்னார். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரிகிற அன்று ஜெட்டியில் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். "போடிக்கு வாங்க" என்று தாயியிடம் சொன்னேன். எல்லாரும் சொல்வதுதானே. 'வழி விடுங்க' என்று மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தோம். தாயி அதில் தினமும் காலையில் பூப்படம் போடுவார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வெட்கம். நாக்பூர் தூரம், சரி. பூப்பாறை? ஜூன் போய் ஜூலை வந்தது, ஆகஸ்டும் வந்தது. காலையில் துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த மலையைப் பார்ப்பேன். அவளும் எங்கள் ஊருக்கு ஆள் ஏற்ற வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. பரீட்சை, மழை, உடம்பு சரியில்லை என்று எனக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒரு பயம். தீவில் வேலைவெட்டி இல்லாமல் பேசிய பேச்சு, இங்கே எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வராமல் போய்விட்டால்?

காலாண்டு விடுமுறை ஆரம்பித்த அன்று காலை, குரூப்பில் பூப்படத்துக்குப் பதிலாக வேறொரு படம் வந்தது. ரயில் பெட்டியில் தொங்கும் பலகை: மதுரை – போடிநாயக்கனூர். கீழே தாயியின் ஒரு வரி, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று.

பதறியடித்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். தாயி முதுகுப்பையோடு இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே போகும் வழிக்கு நேர் எதிராக நடந்தார். போடிதான் கடைசி ஸ்டேஷன். தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு அப்பால் மலைதான். அங்கே போய் ரொம்ப நேரம் நின்றார். தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: முப்பத்திரண்டு வருடம் வண்டியில் போயிருக்கிறார், ஆனால் ஒரு வண்டியும் போய் முடிகிற இடத்தைப் பார்த்ததில்லை. பாதி வழியில் வேறு ஆள் ஏறிவிடுவார், இவர் இறங்கி எதிர் வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். எல்லாரும் எங்கே போய் இறங்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று ஆசையாம்.

வீட்டு வாசலில் அம்மா, "வாங்க தாயி, உள்ள வாங்க" என்றாள். தாயி அப்படியே நின்றுவிட்டார். அம்மாவுக்கு மராத்தி தெரியுமா என்று என்னிடம் கேட்டார். எங்கள் பக்கம் பிரியமாகப் பெண்களைக் கூப்பிடுகிற சொல் அது என்று விளக்கினேன். அம்மாவைவிட இவருக்கு நான்கு வயதுதான் குறைவாக இருக்கும். ஆனாலும் அன்று முழுக்க அம்மா எத்தனை தரம் 'தாயி' என்றாளோ அத்தனை தரமும் சின்னப்பிள்ளை மாதிரித் திரும்பிப் பார்த்தார்.

இனிமேல் பூப்பாறைக்குப் போன் பண்ணாமல் முடியாது. நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கினேன். தாயி போனைப் பிடுங்கி, அந்தப் பக்கம் எடுத்ததும், "டிக்கெட் இருக்கா?" என்றார். அங்கிருந்து வந்த கூச்சல் அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது.

அன்று மாலையே தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு ஜீப்போடு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டாள். அம்மா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டு எங்கள் வீட்டிலேயே படுத்தாள். விடிகிற நேரம் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். வழியில் அவளது வழக்கமான லோடு: காய் எடுக்கப் போகிற பத்துப் பெண்கள், தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. முழங்கால் காரணமாக தாயிக்கு முன்சீட்டு. நான் பின்னால் அவர்களோடு நெருக்கிக்கொண்டேன்.

"யாரு ஆத்தா அந்தம்மா? வடக்கா?" என்றாள் ஒருத்தி.

தாயி திரும்பிப் பார்த்தார். "டிக்கெட் காட்டுங்க!"

கடைசியில் இருந்த ஒருத்தி தன் தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டினாள். "இந்தா இருக்கு எங்க டிக்கெட்டு! எலுமிச்சஞ்சோறு!" ஜீப்பே குலுங்கியது.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நான் பேச்சை நிறுத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ்சு இறங்கியது. பூப்பாறைக்காரி ஜீப்பைப் பின்னால் எடுத்து, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு முழம் விட்டு நிறுத்தி, டிரைவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி ஏற்றினாள். பெண்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. தீவில் சைக்கிள் ஓட்டத் தடுமாறின அதே பெண்தான் இவள் என்று எனக்கு நம்பமுடியவில்லை.

பூப்பாறைக்காரி வீட்டுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. என் தலைக்கு மேல் வளர்ந்து நின்ற செடிகளுக்குள் புகுந்து, காயைத் தேடி அண்ணாந்து பார்த்தேன்.

"ஏ, டீச்சரு மேல பாக்குறாங்கடி!" என்று யாரோ கத்த, தோட்டமே சிரித்தது. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஏலக்காய் வாசனையில்லாத தெரு எங்கள் ஊரில் கிடையாது. அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. ஒரு மணி நேரம் குனிந்து பழுத்த காயாகப் பார்த்து எடுத்தேன். தாயி ஒரு கல்லில் உட்கார்ந்து, நான் பறித்ததில் பிஞ்சைப் பொறுக்கித் தனியே வைத்தார். நிறைய இருந்தது.

இரண்டு நாள் அங்கே இருந்தோம். கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். அட்டை கடித்து நான் அலறினேன். மழை பெய்த நேரமெல்லாம் பேசினோம். பேச்சு தீரவில்லை.

தாயியை ஸ்டேஷனில் ஏற்றிவிட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் காலியான பிளாட்பாரத்தில் நின்றோம். பூப்பாறைக்காரி செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே, ஒண்ணு கேக்கட்டா? நாலு மாசம் ஏன் கூப்பிடல?"

"நீ ஏன் கூப்பிடல?"

"நீங்க டீச்சர். நான் ஆள் ஏத்துற ஜீப்பு ஓட்டறவ. அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கட்டிலு. இங்க உங்க வாசல்ல வந்து ஜீப்ப நிறுத்துனா உங்க சொந்தக்காரங்க என்ன நெனைப்பாங்களோன்னு இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அப்படி ஒன்று அவள் மனதில் இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. என் பயத்தை அவளிடம் சொன்னேன்: அங்கே பேசின பேச்சு இங்கே வராமல் போய்விடுமோ என்று நினைத்ததை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளா நீங்க வாய மூடுனது எப்போ?"

"அப்ப டீச்சர்னு கூப்பிடாத. அக்கான்னு கூப்பிடு."

"அக்கான்னா சண்ட போடுவேன். பரவால்லையா?"

"போடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், முதல் பஸ்சில் ஏறி உட்கார்ந்தேன். பூப்பாறை ஜங்ஷனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு டீக்கடைக்கு முன்னால் அவள் ஜீப்பு நின்றது. அவள் இறங்கவில்லை, இந்தப் பக்கத்துக் கதவை மட்டும் தள்ளித் திறந்தாள்.

"வெரசா ஏறுங்கக்கா, மழ வருது."